பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் போதுமா? அறுபது லட்ச ரூபாய் செடானை வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது எப்படி

ஏசி ஷோரூம், கையில் காபி, "சார், ஒரு சின்ன ரவுண்ட் போயிட்டு வந்துடலாமா?" என்ற அழைப்பு. வாசலைத் தாண்டினால் மெயின் ரோடு, கொஞ்ச தூரத்தில் ஒரு யு-டர்ன், காலியான இடத்தில் ஒரே ஒரு முறை ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்க்க அனுமதி, பிறகு மறுபடியும் ஷோரூம். பத்து நிமிடம், மிஞ்சிப் போனால் பதினைந்து. சொகுசு கார் வாங்கப் போகும் பலருக்கும் டெஸ்ட் டிரைவ் என்றால் இவ்வளவுதான். நாற்பதாயிரம் ரூபாய் போனுக்கு நாலு ரிவ்யூ வீடியோ பார்த்து, ரெண்டு கடை ஏறி இறங்குகிற அதே ஆட்கள், அறுபது லட்ச ரூபாய் காரை ஒரு யு-டர்னில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் தெரிய வருவது ஒன்றுதான்: புது கார் நன்றாக இருக்கிறது. மூன்று ஷோரூமுக்குப் போனால் மூன்றிலும் அதுவேதான் தெரியும். இந்த மூன்றில் எது தன் வீட்டுக்கு, தன் ரோட்டுக்கு, பின் சீட்டில் உட்காரப் போகும் அப்பா அம்மாவுக்குச் சரிவரும் என்பது தெரியாமலே அட்வான்ஸ் கட்டப்படுகிறது.

கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். எக்ஸ் ஷோரூம் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு விதிக்கப்படும் 40 சதவீத ஜிஎஸ்டி அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்ச ரூபாயைத் தாண்டும் கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி 20 சதவீதம். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதம் இது. ஆக, 12 லட்சம் வரிக்கே போகிறது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ் வேறு. அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது ஆறுதல். இன்சூரன்ஸையும் சேர்த்தால் ஆன் ரோடு விலை எங்கேயோ போய் நிற்கும். இதில் 50 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 80,400 ரூபாய். ஏழு வருட முடிவில் வட்டி மட்டும் பதினேழரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்த வட்டிக்கே ஒரு நல்ல நடுத்தர கார் வந்துவிடும்.

இவ்வளவு கொடுத்தபின், "பின் சீட்டு அம்மாவுக்கு ஒத்து வரல" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. குறைபாடுள்ள காரைத் திரும்பப் பெற அமெரிக்க மாநிலங்களில் இருப்பது போன்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. உற்பத்திக் குறைபாடு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால், பிடிக்காமல் போவதோ பழக்கத்துக்கு ஒத்துவராமல் போவதோ குறைபாடு ஆகாது. ரெஜிஸ்ட்ரேஷன் ஆன மறுநாளே அது பழைய வண்டி, முதல் ஓனர் நீங்கள். எனவே வாங்குபவரின் கையில் இருக்கும் ஒரே பரிசோதனை, பணம் கொடுக்கும் முன் ஓட்டிப் பார்ப்பதுதான். அதைப் பத்து நிமிடத்துக்குள் சுருக்கிக்கொள்வதில் விற்பவருக்கு நஷ்டம் ஏதும் இல்லை.

மூன்று கார், மூன்று குணம்

மெர்சிடிஸில் ஏ-கிளாஸுக்கு மேலே, இ-கிளாஸுக்குக் கீழே இருக்கிறது இந்த வகுப்பு. கையில் இருக்கும் பெயர்கள் அதிகம் இல்லை. வோல்வோ எஸ்60, ஜாகுவார் எக்ஸ்இ இரண்டும் இந்தியச் சந்தையிலிருந்து போய்விட்டன. எஸ்யூவி மோகத்தில் செடான்களுக்கான இடம் சுருங்கிவிட்டது. பெரும்பாலும் பேச்சு மூன்று கார்களைச் சுற்றியே வருகிறது: மெர்சிடிஸ் சி-கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் நீள வீல்பேஸ் வடிவம், ஆடி ஏ4. (இதில் பிஎம்டபிள்யூ நம்ம ஊர்க்காரர் மாதிரி, செங்கல்பட்டு மாவட்டத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் 2007 முதல் அந்த நிறுவனத்தின் கார்கள் பூட்டப்படுகின்றன.) ஏ4 வாங்க நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஐரோப்பாவில் 2024-லேயே அதன் இடத்துக்கு ஏ5 என்ற பெயரில் புதிய தலைமுறை கார் வந்துவிட்டது. இங்கே பேரம் பேச அது உதவும்.

ப்ரோஷரில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அடியில் இருக்கும் அமைப்பு வேறு. 3 சீரிஸும் சி-கிளாஸும் பின் சக்கரத்தால் ஓடுபவை. இங்கே விற்கப்பட்டு வரும் ஏ4 முன் சக்கரத்தால் ஓடுகிறது. கியர் பெட்டியும் அப்படியே. சி-கிளாஸில் 9 ஸ்பீடு, 3 சீரிஸில் 8 ஸ்பீடு, இரண்டும் டார்க் கன்வர்ட்டர் வகை. ஏ4-ல் 7 ஸ்பீடு டூயல் கிளட்ச். காலி ரோட்டில் மூன்றும் வெண்ணெய். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் ஊர்ந்து பார்க்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி மெல்ல நகர்கிறதா, லேசாக உதறுகிறதா, ஆட்டோ ஹோல்டு போட்டால் மறுபடி கிளம்பும்போது திணறுகிறதா? டூயல் கிளட்ச் கியர் பெட்டிகள் வேகத்தில் கெட்டிக்காரர்கள்; இஞ்ச் இஞ்சாக நகர்வதில்தான் அவற்றுக்குச் சோதனை. 0-100 எத்தனை நொடி என்பது சென்னை டிராஃபிக்கில் வருடத்துக்கு எத்தனை முறை தேவைப்படும் என்று யோசித்தால், எதைச் சோதிக்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

முதலில் பின் சீட்டு

இந்தியக் குடும்பங்களில் இந்த வகைக் காரின் தீர்ப்பு பின் சீட்டில்தான் எழுதப்படுகிறது. ஓட்டுபவர் மட்டும் ஷோரூமுக்குப் போய் வருவது பாதி டெஸ்ட் டிரைவ் கூட இல்லை.

பிஎம்டபிள்யூ இதைப் புரிந்துகொண்டுதான் 2021 ஜனவரியில் 3 சீரிஸின் நீளமான வடிவத்தை இங்கே கொண்டுவந்தது. அதன் வீல்பேஸ் 2,961 மி.மீ. சாதாரண 3 சீரிஸைவிட 110 மி.மீ. அதிகம். சி-கிளாஸின் வீல்பேஸ் 2,865 மி.மீ. எண்ணாகப் பார்த்தால் பிஎம்டபிள்யூ ஜெயித்துவிட்டது போலத் தெரியும். ஆனால் முழங்கால் இடம் ஒன்று, உட்கார்ந்து எழுவது வேறு. செடான்களில் சீட்டு தாழ்வு. மூட்டு வலி உள்ள அம்மா புடவையோடு குனிந்து உள்ளே போய், தலை இடிக்காமல் உட்கார்ந்து, அதே போல் வெளியே வருவதை ஒரு முறை பார்த்துவிட்டால் ப்ரோஷர் தேவைப்படாது. தொடைக்குக் கீழே சீட்டு தாங்குகிறதா, முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதை இருபது நிமிடமாவது உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நடு சீட்டு இன்னொரு கதை. பின் சக்கரத்துக்கு இன்ஜினிலிருந்து தண்டு போவதால் தரையின் நடுவே மேடு எழும்பி நிற்கும். "அஞ்சு பேர் தாராளமா போகலாம் சார்" என்று சொன்னால், அந்த அஞ்சாவது ஆளாகச் சொன்னவரையே உட்காரச் சொல்லலாம். குழந்தை இருந்தால் வீட்டில் உள்ள சைல்டு சீட்டையும் தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்க்க வேண்டும். அதை மாட்டியபின் முன் சீட்டை எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது என்பதைக் காகிதம் சொல்லாது.

டிக்கியைத் திறந்து தரைப் பலகையையும் தூக்கிப் பார்ப்பது நல்லது. சில கார்களில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு பெரிய பெட்டி வைத்தால் முடிந்தது. சிலவற்றில் ஸ்டெப்னியே இருக்காது, ரன்-ஃபிளாட் டயர் இருக்கும். பஞ்சரானாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. வரை ஓடும் என்பது அதன் வழக்கமான கணக்கு. நகருக்குள் அது வசதி. மாதம் ஒரு முறை இரவில் சொந்த ஊருக்கு ஓட்டுபவருக்கு, 80 கி.மீ.க்குள் அந்த டயர் கிடைக்கும் கடை உண்டா என்பது உண்மையான கேள்வி. ரன்-ஃபிளாட்டின் பக்கச் சுவர் விறைப்பு என்பதால் பள்ளத்தில் அடி கொஞ்சம் கூடுதலாகவும் கேட்கும்.

வேகத்தடையும் அபார்ட்மென்ட் சரிவும்

இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, வட்ட வடிவ வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை எந்த வழிகாட்டுதலையும் பார்த்தவை அல்ல. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ சிமென்ட் கொட்டிப் போட்ட மேடுகள் அவை. அறுபது லட்ச ரூபாய் கார் அதில் ஏறி இறங்கும்போது வரும் அந்தக் "கர்ர்ர்" சத்தம், இஎம்ஐ கட்டுபவரின் நெஞ்சில் கேட்கும்.

இங்கே ஒரு சின்ன இயற்பியல் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் தூரம் கூடக் கூட, மேட்டின் உச்சியில் காரின் வயிறு தட்டும் வாய்ப்பும் கூடுகிறது. பின் சீட்டுக்கு இடம் தந்த அதே 110 மி.மீ. வேகத்தடையில் கணக்குக் கேட்கும். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பெட்டி வைத்தபின் வண்டி இன்னும் இறங்கும். எனவே டெஸ்ட் டிரைவுக்கு ஆள் நிறைத்துக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தீபாவளிக்கு எத்தனை பேர் ஏறுவார்களோ, அத்தனை பேரோடு தன் தெரு வேகத்தடையில் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பதுதான் சோதனை. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவும் அப்படித்தான்: இறங்கும் இடத்தில் முன் பம்பர், ஏறி முடிக்கும் இடத்தில் வயிறு. காரைப் பிடித்துப் போய், அட்வான்ஸ் கட்டி, டெலிவரி எடுத்து வந்தபின் சொந்த பார்க்கிங்கில் இறக்க முடியாமல் தெருவில் நிறுத்துவதைவிட, ஷோரூம் காரை ஒரு தடவை வீட்டு வாசல் வரை வரவழைப்பது எளிது. வீட்டுக்கே கார் அனுப்பும் வசதியைப் பல டீலர்கள் விளம்பரமே செய்கிறார்கள். அதைச் சாவி வாங்கிப் போட்டோ எடுக்கப் பயன்படுத்தாமல் இதற்குப் பயன்படுத்தலாம்.

ஓட்டுபவரின் முறை இதற்குப் பிறகுதான். முதல் வேலை, மியூசிக்கை நிறுத்துவது. சேல்ஸ் ஆலோசகர் கார் கிளம்பியதும் சவுண்ட் சிஸ்டத்தைப் போட்டுக் காட்டுவார். அது நன்றாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் அவ்வளவு விலை. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் டயர் இரைச்சல், காற்று இரைச்சல், குளிர்ந்த இன்ஜினின் கரகரப்பு எல்லாம் மறைந்துபோகும். அதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடமும் "ஒரு அஞ்சு நிமிஷம் பேசாம வாங்க ப்ளீஸ்" என்று சொல்லிவிடலாம். கான்கிரீட் ரோட்டிலும் தார் ரோட்டிலும் ஒரே காரின் சத்தம் எவ்வளவு மாறுகிறது என்பது அப்போதுதான் காதில் விழும்.

அடுத்தது ஏசி. சி-கிளாஸில் 11.9 இஞ்ச் தொடுதிரைக்குள் ஏசி கட்டுப்பாடுகள் இருக்கின்றன. 2023-ல் வந்த மாற்றத்துக்குப் பின் 3 சீரிஸிலும் வளைந்த திரைக்குள் போய்விட்டன. ஏ4-ல் இன்னும் கையால் திருகும் குமிழ்கள். ஷோரூமில் நின்றுகொண்டு பார்த்தால் திரை வைத்த கார்தான் எதிர்காலம் போல மின்னும். கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் ஏறிக்கொண்டே, கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல், ஏசி காற்றைக் குறைத்துப் பார்த்தால் எது வசதி என்பது வேறு மாதிரித் தெரியும். இதை மதியம் ஒரு மணிக்கு, அதுவும் ஏப்ரல், மே என்றால் இன்னும் நல்லது, வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். பெரிய கண்ணாடிக் கூரையும் கறுப்புத் தோல் சீட்டும் அக்னி நட்சத்திரத்தில் என்ன செய்யும், பின் சீட்டுக்குக் குளிர் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும் என்பது ஜெர்மனியில் கேட்கப்படாத கேள்விகள். இங்கே அவைதான் தினசரி.

ஒப்பிட வேண்டுமானால் ஒரே ரோடு

மூன்று காரையும் மூன்று வெவ்வேறு வாரங்களில், மூன்று வெவ்வேறு ஷோரூம் வாசல் ரோட்டில் ஓட்டிவிட்டு "எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்பது ஒப்பீடு ஆகாது. அது கடைசியாக ஓட்டிய காரின் ஞாபகம், அவ்வளவுதான். ஒரே பாதை, முடிந்தால் ஒரே நாள், குறைந்தது அடுத்தடுத்த நாட்கள், அதே நேரம். பாதையில் நெரிசலும், குண்டும் குழியுமான உள் தெருவும், நூறைத் தொட அனுமதியுள்ள நெடுஞ்சாலையும் இருக்க வேண்டும். அதே பாதையில் முதலில் இப்போது வைத்திருக்கும் சொந்த காரை ஓட்டிவிட்டுப் போவது இன்னும் நல்லது. பல பேர் எட்டு வருடம் ஹேட்ச்பேக் ஓட்டிவிட்டு நேராக இந்த வகைக் காருக்கு வருகிறார்கள். அவர்களுக்கு எதை ஓட்டினாலும் விமானம் போலத்தான் இருக்கும். மூன்றாவது காரை ஓட்டி முடித்ததும் முதல் காரை மறுபடி ஒரு முறை கேட்க வேண்டும். முதலில் ஓட்டியபோது தெரியாத குறைகளும் நிறைகளும் அப்போதுதான் தெரியும்.

ஓட்டிய கார் எந்த வேரியன்ட் என்று எழுதி வைத்துக்கொள்வது அவசியம். டெஸ்ட் டிரைவுக்கு நிற்பது பெரும்பாலும் விலை உயர்ந்த வேரியன்ட். பட்ஜெட்டில் வருவது அதற்கு ஒரு படி கீழே. டயர் அளவு மாறினால் சவாரி மாறும். பெட்ரோலை ஓட்டிவிட்டு டீசலை புக் செய்தால் ஓட்டியதற்கும் வாங்கியதற்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டும் முன் நீட்டப்படும் படிவத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். விபத்து நடந்தால் செலவு யாருடையது என்பது அதில்தான் இருக்கும். ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும், பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பதையெல்லாம் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: செடானே வேண்டுமா? 2015-லும் 2023 டிசம்பரிலும் பேஸ்மென்ட்டில் மூழ்கிய கார்களில் எஸ்யூவிகளும் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும் தெருவில் தினமும் போக வேண்டியவருக்குத் தாழ்வான கார் பதற்றம் தரும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் குடியிருப்பவர்கள் மழைக்காலத்தில் தங்கள் தெரு எப்படி இருக்கும் என்பதை மறந்துவிட்டு மார்ச் மாதத்தில் முடிவெடுக்கக் கூடாது. செடான்தான் என்று உறுதியாகிவிட்டால் இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டைச் சேர்ப்பது நல்லது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது.

இவ்வளவையும் ஷோரூம் தானாக ஏற்பாடு செய்து தராது. வார இறுதியில் வரிசை நீளம், வண்டி ஒன்று, ஆலோசகருக்கு மாத இலக்கு வேறு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இந்த விலையில் கார் விற்கும் நிறுவனங்கள் ஒரு மணி நேர ஓட்டத்தையும், இருட்டியபின் ஹெட்லைட்டைச் சோதிக்க இரண்டாவது ஓட்டத்தையும் வாடிக்கையாளர் கெஞ்சாமலே தர வேண்டும். துணிக்கடையில் புடவையைப் பிரித்துக் காட்டுகிற அளவு பொறுமையாவது இதற்கும் வேண்டாமா? அதுவரை, வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போய், "ஒரு மணி நேரம் வேணும், வீட்டு வரைக்கும் போகணும், இல்லன்னா வேற ஷோரூம்ல கேட்டுக்கறேன்" என்று தெளிவாகச் சொல்பவருக்குக் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் சொன்னால்தான் இந்தப் பேச்சுக்கு மதிப்பு. கட்டும்போதும், புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்பதையும் சேர்த்துத்தான். டிசம்பரில் தள்ளுபடி தாராளமாகக் கிடைக்கும். ஜனவரி பிறந்ததும் அது போன வருஷத்து வண்டி, விற்கப் போகும்போது அந்த ஒரு வருடத்தையும் கழித்துத்தான் விலை கேட்பார்கள்.